கோல் கைமாறும் இடம்: ஜமேக்காவின் அஞ்சலோட்ட வரலாறும் நமது இளைஞரும்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் இறுதி நிகழ்ச்சி யாது என்று நம்மூர்ச் சிறுவர் எவரைக் கேட்டாலும் தயங்காது சொல்லிவிடுவர். வெயில் தணிந்து, கோணாவத்தைப் பக்கமிருந்தும் கடற்பக்கமிருந்தும் மாறி மாறிக் காற்று வீசும் மாலை வேளையிலே, ஒலிபெருக்கியில் "அஞ்சலோட்டம்" என்ற ஒரு சொல் ஒலித்தாற் போதும். அதுவரை மரநிழலிற் குந்தியிருந்து கச்சான் கொறித்தவர்களும், பந்தலின்கீழ்க் கதிரைகளில் அமர்ந்திருந்த பெரியோர்களும் எழுந்து சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்துக்கு வந்துவிடுவர். தனியோட்டத்திலே ஒரு பிள்ளை வெல்லுகின்றது. அதன் பெற்றோர் மகிழ்கின்றனர். அஞ்சலோட்டத்திலோ ஓர் இல்லமே வெல்லுகின்றது. எல்லாரும் சேர்ந்து மகிழ்கின்றனர்.

அஞ்சல் என்னும் நமது பெயர் மிகப் பொருத்தமானது. முன்னாளிலே கடிதப் பையைச் சுமந்தோடிய தபாற்காரன் குறித்த ஒரு தங்கலில் அதனை அடுத்தவனிடம் ஒப்புவிப்பான். ஆள் மாறுவான்; பை நிற்பதில்லை. அஞ்சலோட்டத்தின் தத்துவமும் இதுவே. ஓடுகின்றவர் நால்வர், எல்லையைச் சேரவேண்டியது ஒரு கோல்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டிய நாடுகளுள் முதன்மையானது கரிபியன் கடலிலுள்ள ஜமேக்காத் தீவு. அத்தீவின் வெற்றிகளைப் பிறவி வலிமை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். அவ்வாறு சொல்லுதல் நமது சோம்பலுக்கு நாமே தேடிக்கொள்ளும் சமாதானமாகும். வரலாற்றை நோக்கின், அத்தீவினர் கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மட்டுமன்றி, ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கும் கொடுத்து வந்தனர் என்பது புலப்படும். அவ்வரலாற்றிலே நாம் கற்கத்தக்கவை யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே வாயிலில் நுழைந்த இரு தீவுகள்

ஜமேக்கா நமது இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே உடையது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். ஜமேக்காவின் பரப்பு 11,000 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அங்கு வாழும் மக்கள் முப்பது இலட்சத்துக்கும் குறைவானவர். இங்கு வாழ்பவர் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர். இரண்டும் பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த தீவுகள். கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களின் வழிவந்தோரே அங்கு பெரும்பாலர். அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் கூலியாட்கள் 1845 முதல் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். தோட்டமும் கப்பலும் ஒப்பந்தக் கூலியும் நம் நாட்டு வரலாற்றுக்கும் புதியன அல்ல.

இவ்விரு தீவுகளும் ஒலிம்பிக் அரங்கினுள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது ஒரே ஆண்டிலாகும். 1948இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவே அது. இலங்கை அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் சுதந்திரம் பெற்றிருந்தது. ஜமேக்காவோ அதன் பின்னரும் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து 1962இலேயே சுதந்திரம் பெற்றது.

முதல் முயற்சியிலேயே இரு தீவுகளும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. நமது டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் இரண்டாமிடம் பெற்று வெள்ளிப் பதக்கம் வென்றார். ஜமேக்காவின் ஆதர் வின்ற் 400 மீற்றர் ஓட்டத்தில் 46.2 செக்கனில் முதலாமிடம் பெற, அதே நாட்டு ஹேர்ப் மக்கென்லி இரண்டாமிடம் பெற்றார். ஒரே விழா, ஒரே மைதானம், ஏறத்தாழ ஒரே தூரம். அன்று இவ்விரு தீவுகளும் மிகத் தொலைவிலே நின்றவையல்ல. பின்னர் ஏற்பட்ட தூரம் எவ்வாறு ஏற்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விழுந்த இடத்திலிருந்து எழுந்த நால்வர்

இலண்டனில் 4 × 400 மீற்றர் அஞ்சலோட்டத்தின் இறுதிப் போட்டி வந்தது. முதலாமிடமும் இரண்டாமிடமும் பெற்ற இருவர் ஒரே அணியில் ஓடினால் வெற்றி உறுதி என்று ஜமேக்கா மக்கள் எண்ணியிருந்தனர். ஆனால் ஓடிக்கொண்டிருந்த வின்றின் காலிலே தசை இறுகிப் பிடித்தது. ஆறடிக்கு மேல் நெடிய அந்த வீரர் வலி தாங்காது மைதானத்திலே வீழ்ந்தார். கோலை எதிர்பார்த்து நின்ற கடைசி ஓட்டக்காரரின் கைக்கு அது வந்து சேரவேயில்லை. பதக்கம் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1952இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விழா நடந்தபோது, இலண்டனில் தோற்ற அதே நால்வர் மீண்டும் ஒன்றாக நின்றனர். வின்ற், லெஸ்லி லேயிங், மக்கென்லி, ஜோர்ஜ் ரோடன் என்பது அவர்கள் ஓடிய வரிசை. முதலிருவரும் ஓடி முடித்தபோது அமெரிக்க அணி பத்து மீற்றருக்கு மேல் முந்தியிருந்தது. மூன்றாமவராகக் கோலைப் பெற்ற மக்கென்லி அந்த இடைவெளி முழுவதையும் விழுங்கி, 400 மீற்றரை 44.6 செக்கனில் ஓடி, ரோடனின் கையிலே கோலை முன்னணியில் ஒப்படைத்தார். ரோடன் அம்முன்னணியை இறுதிக்கோடு வரை விடவில்லை. ஜமேக்கா 3 நிமிடம் 03.9 செக்கன், அமெரிக்கா 3 நிமிடம் 04.0 செக்கன். பத்திலொரு செக்கனால் கிடைத்த அவ்வெற்றி புதிய உலகச் சாதனையுமாயிற்று.

இங்கே ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. மக்கென்லி தனியோட்டங்களில் 1948இல் 400 மீற்றரிலும், 1952இல் 100 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரண்டிலும் இரண்டாமிடமே பெற்றார். மூன்று முறை வெள்ளி. ஒருமுறையேனும் தனியாகப் பொன் இல்லை. அவருக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பொற்பதக்கம் பிறர் மூவருடன் பகிர்ந்துகொண்ட அஞ்சலோட்டப் பதக்கமாகும். தனியாக எட்டாத கனியை நால்வராய்ச் சேர்ந்து பறித்தார் எனலாம்.

பாடசாலை மைதானமே வேர்

வெற்றி பெற்ற வீரர் என்ன செய்தார் என்பதிலேதான் ஒரு நாட்டின் பிற்கால வரலாறு தங்கியுள்ளது. மக்கென்லி பதக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. 1954 முதல் 1973 வரை ஜமேக்கா தேசிய அணியின் பயிற்றுநராகப் பணிபுரிந்தார். கிங்ஸ்டன் நகரிலுள்ள கலபார் உயர்நிலைப் பாடசாலையிலும் மாணவரைப் பயிற்றுவித்தார். தமது கையிலிருந்த கோலை அடுத்த தலைமுறையின் கையிலே வைத்தார்.

அவர் விதைத்த நிலமும் முன்னரே பண்பட்டிருந்தது. ஜமேக்காவில் ஆண்கள் பாடசாலைகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி 1910இல் ஆறு பாடசாலைகளுடன் தொடங்கியது. பெண்களுக்கான போட்டி 1957இல் தோன்றியது. பின்னர் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. இன்று அது பல நாட்கள் நடைபெறும் ஒரு தேசியத் திருவிழா. பழைய மாணவர் தத்தம் பாடசாலை நிறத்தை அணிந்து வருவர். பாட்டனும் பேரனும் ஒரே வரிசையிலிருந்து ஆரவாரிப்பர். கடைசி நாளின் அஞ்சலோட்டம் முடியும்வரை எவரும் இடத்தை விட்டு எழார்.

1964 முதல் ஜமேக்காப் பாடசாலை அணிகள் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் நடத்தும் அஞ்சலோட்ட விழாவுக்கும் சென்று வருகின்றன. 1895இல் தொடங்கிய அவ்விழா, அஞ்சலோட்டம் என்னும் போட்டி இன்றைய வடிவம் பெற்று வளர்ந்த தொட்டில்களுள் ஒன்று. உள்ளூரிலே பழகிய கோல் மாற்றத்தை வெளியூரிலே, பெருங்கூட்டத்தின் முன்னே, நடுக்கமின்றிச் செய்து பழகும் வாய்ப்பு இதனால் மாணவருக்குக் கிடைத்தது. 1980இல் ஜீ. சி. பொஸ்ரர் உடற்கல்விக் கல்லூரி கியூபா நாட்டின் உதவியுடன் நிறுவப்பட்டது. பயிற்றுநரைப் பயிற்றுவிப்பதற்கும் ஒரு கல்லூரி வேண்டும் என்பதை அச்சிறு தீவு உணர்ந்திருந்தது.

இத்தகைய நிலத்திலே முளைத்தவரே உசெயின் போல்ற். 2002இல் கிங்ஸ்டனில் நடைபெற்ற உலக இளையோர் போட்டியில், பதினைந்து வயதுச் சிறுவனாக 200 மீற்றரில் முதலாமிடம் பெற்றார். சொந்த மக்களின் ஆரவாரத்திலே நடுங்கிப்போய்ச் சப்பாத்தை இடம் வலம் மாற்றி அணிந்துவிட்டதாக அவரே பின்னர் கூறியுள்ளார். அதே போட்டியில் இரண்டு அஞ்சலோட்டங்களிலும் ஜமேக்கா அணியுடன் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதை நம்மில் அறிந்தவர் சிலரே. உலகம் வியந்த தனியோட்டக்காரரும் சிறுவயதிலே கோல் பிடித்துப் பழகியவரே.

அவ்வழி இன்றும் தூர்ந்துவிடவில்லை. 2021இல் நைரோபியில் நடைபெற்ற உலக இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஜமேக்காச் சிறுமியர் நால்வர் 4 × 100 மீற்றரை 42.94 செக்கனில் ஓடி, அவ்வயதினருக்கான உலகச் சாதனையை நிலைநாட்டினர். அந்நால்வரில் ரீனா கிளேற்றன், ரியா கிளேற்றன் என்போர் இரட்டைச் சகோதரியர். அடுத்த ஆண்டு கொலம்பியாவின் காலி நகரில் ஜமேக்கா இளையோர் அந்நேரத்தையும் 42.59 செக்கனாகக் குறைத்தனர்.

கோல் மாற்றும் கலை

இனி, கோல் கைமாறும் அக்கணத்தைச் சிறிது நுணுகி நோக்குவோம்.

கோல் என்பது 28 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள, உள்ளே துளையுள்ள ஒரு குழாய். எடை 50 கிராமுக்குக் குறையலாகாது. 4 × 100 மீற்றர் ஓட்டத்தில் அதனை 30 மீற்றர் நீளமான வலயத்தினுள் மாற்றிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு வரை அவ்வலயம் 20 மீற்றராகவும், அதற்கு முன்னே 10 மீற்றர் வேகம்கொள்ளும் பகுதியாகவும் இருந்தது. கால் எங்கே நிற்கின்றது என்பதைத் தீர்ப்பாளர் பார்ப்பதில்லை; கோல் எங்கே இருக்கின்றது என்பதையே பார்ப்பர். கோல் விழுந்தால் அதனை விட்டவரே எடுத்தல் வேண்டும்.

400 மீற்றர் ஓடி வருபவர் களைத்திருப்பார். ஆகவே பெறுபவர் திரும்பிப் பார்த்தே கோலை வாங்குவார். இது கட்புல முறை. 100 மீற்றரில் அவ்வாறு திரும்பிப் பார்க்க நேரமில்லை. வருபவர் செக்கனுக்குப் பத்து மீற்றர் அளவான வேகத்தில் வருவார். பெறுபவர் தமது காலடியால் இருபதோ இருபத்தைந்தோ அளந்து, பின்னே ஓர் அடையாளமிட்டு வைத்திருப்பார். வருபவர் அவ்வடையாளத்தை மிதித்த கணத்தில் பெறுபவர் முன்னோக்கிப் பாய்வார்; பின்பு பார்வையைத் திருப்பவே மாட்டார். ஒரு குரல் கேட்கும். கை பின்னே நீளும். உள்ளங்கையிலே கோல் வந்து அமரும். இது கட்புலமற்ற முறை.

கைகளுக்கும் ஓர் ஒழுங்குண்டு. முதலாமவர் வளைவின் உட்புறத்தை ஒட்டி ஓடுவதால் வலக்கையிலே கோலைப் பிடிப்பார். இரண்டாமவர் இடக்கையால் வாங்குவார், மூன்றாமவர் வலக்கையால், நான்காமவர் இடக்கையால். எவரும் கோலைக் கைமாற்றிப் பிடிப்பதில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் சிறு நேரத்திலே ஒரு மீற்றர் தூரம் பறிபோகும். கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுப்பாரும், மேலிருந்து கீழாக வைப்பாரும், நேரே முன்தள்ளிக் கொடுப்பாரும் உளர். எந்த முறையாயினும், கோல் வேகம் குறையாது செல்லவேண்டும் என்பதே குறிக்கோள்.

இக்கலையின் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். 2012இல் இலண்டனில் நெஸ்ரா காற்றர், மைக்கல் பிரேற்றர், யொகான் பிளேக், உசெயின் போல்ற் என்னும் நால்வரும் 36.84 செக்கனில் ஓடி உலகச் சாதனை படைத்தனர். அந்நால்வரும் தம் வாழ்நாளில் 100 மீற்றரைத் தனித்தனியே ஓடிய மிகச் சிறந்த நேரங்கள் 9.78, 9.88, 9.69, 9.58 செக்கன். கூட்டினால் 38.93 செக்கன். அஞ்சலோட்டம் அதனினும் இரண்டு செக்கனுக்கு மேல் விரைவானது. ஏன்? தனியோட்டக்காரர் நின்ற நிலையிலிருந்து புறப்படுகின்றார். அஞ்சலோட்டத்திலே பின் மூவரும் ஓடிக்கொண்டே கோலைப் பெறுகின்றனர்.

2016இல் றியோ நகரிலே யப்பான் அணி இவ்வுண்மையை இன்னும் வியப்பாக மெய்ப்பித்தது. அந்நால்வரில் ஒருவரேனும் அன்றுவரை 100 மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் ஓடியவரல்லர். எனினும் கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையை நெடுங்காலம் பயின்று, 37.60 செக்கனில் ஓடி, 37.27 செக்கனில் ஓடிய ஜமேக்காவுக்கு அடுத்ததாக வெள்ளிப் பதக்கம் பெற்றனர். அவர்களினும் விரைந்த தனியோட்டக்காரரைக் கொண்ட அமெரிக்க அணி வலயத்துக்கு வெளியே கோலைத் தொட்டதால் நீக்கப்பட்டது. வேகம் குறைந்தவரும் பயிற்சியால் உயரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோல் விழுந்த நாட்கள்

வெற்றிகளை மட்டும் சொல்லுதல் வரலாறாகாது. 1936இல் பேர்ளின் ஒலிம்பிக்கில் ஜேர்மன் பெண்கள் அணி வெகுதூரம் முந்திச் சென்றுகொண்டிருந்தது. கடைசிக் கைமாற்றிலே கோல் நிலத்தில் வீழ்ந்தது.

2008இல் பீஜிங்கிலே ஜமேக்காப் பெண்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. அவ்விழாவின் 100 மீற்றரில் ஷெலி ஆன் பிரேசர் முதலாமிடமும், ஷெரோன் சிம்சன், கெரன் ஸ்ருவேட் இருவரும் சமநேரத்தில் இரண்டாமிடமும் பெற்றிருந்தனர். 200 மீற்றரில் பொற்பதக்கம் பெற்ற வெரோனிக்கா கம்பெல் பிரவுண் நான்காமவர். உலகிலே இவர்களை வெல்லத்தக்க நால்வர் அன்று இலர். ஆயினும் சிம்சனுக்கும் ஸ்ருவேட்டுக்கும் இடையிலே கோல் சேரவில்லை. மூன்று பதக்கங்களை வென்ற கால்கள் இருந்தும் ஒரு கைமாற்றுத் தவறியதால் எல்லாம் வீணாயிற்று. ஆனால் ஷெலி ஆன் அத்துடன் ஓயவில்லை. 2012இல் வெள்ளி, 2016இல் வெள்ளி. 2021இல் ரோக்கியோவிலே 41.02 செக்கனில் பொன். இருபத்தொரு வயதிலே இழந்ததை முப்பத்து நான்கு வயதிலே பெற்றார்.

இன்னொரு வகையாலும் கோல் விழுவதுண்டு. பீஜிங்கில் ஜமேக்கா ஆண்கள் 37.10 செக்கனில் ஓடிப் பெற்ற பொற்பதக்கம் 2017 ஜனவரியிலே பறிக்கப்பட்டது. நெஸ்ரா காற்றரின் பழைய மாதிரியை மீளச் சோதித்தபோது தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டமையே காரணம். ஏனைய மூவர்மீது குற்றமில்லை. ஆயினும் நால்வரும் பதக்கத்தை இழந்தனர். ரினிடாட் ரொபேகோ அணிக்கு அது சென்றது. அஞ்சலோட்டத்திலே ஒருவர் தவறு ஒருவரோடு முடிவதில்லை.

இதனை எழுதுபவனும் கோலை விட்டவன் என்பதை இவ்விடத்திலே மறையாது சொல்லுதல் நன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. கோட்டமட்டப் போட்டியொன்றில் நான் மூன்றாவது ஓட்டக்காரன். நான்காமவன் என் முஸ்லிம் நண்பன். கடற்கரை மணலிலே ஓடி உரமேறிய கால்கள் அவனுடையவை. எங்கள் அணியில் மிக விரைந்தவன் அவனே. தும்புத்தடியின் காம்பை அறுத்துச் செய்த கோலுடன் இரண்டு நாட்கள் மட்டுமே பழகியிருந்தோம். முதலாவதாக வந்துகொண்டிருந்தோம். அவன் புறப்பட்டுக் கையை நீட்டினான். நான் பதற்றத்தில் அவனுடைய மணிக்கட்டிலே கோலை இடித்தேன். அது உருண்டு அடுத்த அணியின் பாதைக்குச் சென்றது. "விடு மச்சான், அடுத்த வருசம் பார்ப்பம்" என்று அவனே என்னைத் தேற்றினான். ஆனால் அவனுக்கு அடுத்த வருடம் இருக்கவில்லை. தந்தைக்குத் துணையாகத் தோணிக்குப் போய்விட்டான், பாடசாலைக்குத் திரும்பவில்லை. கோலைத் தொடாமலே அவனுடைய ஓட்டம் முடிந்தது.

நெடுநாளின் பின் அவனைச் சந்தித்து அதனைப் பற்றிக் கேட்டேன். "கோல் விழுந்தது எனக்கு நினைவில்ல மச்சான், கையை நீட்டிக்கிட்டு நிண்டதுதான் நினைவிரிக்கி" என்றான்.

நமது நாட்டின் கணக்கு

நம் நாடும் ஓடாத நாடன்று. யாழ்ப்பாணத்தின் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் பொற்பதக்கம் பெற்றார். 1974இல் தெஹ்ரான் ஆசிய விழாவிலே விமலதாச, சுனில் குணவர்த்தன, கோசல சஹபந்து, பிரேமச்சந்திர என்னும் நால்வரும் 4 × 400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் பொன் வென்றனர். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியின் 200 மீற்றரில் நமது சுசந்திகா ஜயசிங்க இரண்டாமிடம் பெற்றபோது, மூன்றாமிடத்துக்கு வந்தவர் ஜமேக்காவின் புகழ்பெற்ற மெர்லீன் ஒற்றி. நூறிலொரு செக்கனே இடைவெளி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் சுசந்திகா பதக்கம் பெற்றார்.

2016இல் குவஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவிலே 4 × 100 மீற்றரில் இலங்கை 39.96 செக்கனில் ஓடி இந்தியாவை முந்திப் பொன் வென்றது. அந்நால்வரில் ஒருவர் நமது கிழக்கு மாகாணத்தின் மைந்தர் மொஹமட் அஷ்ரபுல். 2023இல் பாங்கொக் ஆசிய மெய்வல்லுநர் போட்டியிலே 4 × 400 மீற்றரில் பொன்னும், அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விழாவிலே 3 நிமிடம் 02.55 செக்கனில் வெண்கலமும் நம் நாட்டுக்குக் கிட்டின. அயலிலே தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ், 2023இல் புடாபெஸ்ற் உலகப் போட்டியில் 2 நிமிடம் 59.05 செக்கனில் ஆசியச் சாதனை படைத்த இந்திய அணியின் கடைசி ஓட்டக்காரராக ஓடினார்.

ஆகவே கால் நம்மிடம் உண்டு. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலேயே நமக்குக் குறை. 1948க்கும் 1974க்கும் இடையில் இருபத்தாறு ஆண்டுகள். ஒருவர் ஓடி முடித்தபின் அவர் கையிலுள்ளதை வாங்குவதற்கு அடுத்தவர் அடையாளத்திலே ஆயத்தமாய் நிற்கவில்லை. ஜமேக்காவிலே மக்கென்லி கொடுத்தார், பாடசாலைகள் வாங்கின. இங்கே நமது பழைய வீரர் பலர் தேநீர்க் கடை வாங்கிலிருந்து கதை சொல்லுகின்றனர். மைதானத்துக்கு அவர்களை அழைப்பார் இல்லை.

செய்யத்தக்கவை

இளைஞர்களே! அஞ்சலோட்ட அணியைப் போட்டிக்கு முதல்நாள் தெரிவுசெய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே நால்வரையன்றி அறுவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒருவர் நோயுற்றால் மற்றவர் நிற்கட்டும். வாரத்தில் இரு மாலைகள் கோல் மாற்றத்துக்கென்றே ஒதுக்குங்கள். முதலில் நின்றபடி, பின்பு நடந்தபடி, பின்பு மெல்ல ஓடியபடி, இறுதியில் முழு வேகத்தில் எனப் படிப்படியாகப் பழகுங்கள். காலடியால் அளந்த அடையாளத்தைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எதிர்காற்று வீசும் நாளில் அது மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவில்லை. ஒரு துண்டுக் குழாயும் ஒரு மைதானமும் போதும்.

பெரியோர்களே! இக்கரையோரத்திலே கரைவலை இழுப்போரைப் பாருங்கள். முன்னிற்பவன் களைத்தால் பின்னிற்பவன் கயிற்றைப் பற்றுகின்றான், வலை நிற்பதில்லை. விளையாட்டிலும் அந்த ஒழுங்கு வேண்டும். ஒரு காலத்தில் ஓடியவர்களைத் தேடிப் பிடித்து மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அழையுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்பைக் கொடுங்கள். தோணிக்கும் கடைக்கும் வயலுக்கும் போக நேர்ந்த பிள்ளை மாலையிலேனும் ஓடிவர ஒரு கழகம் இருக்கட்டும். அட்டாளைச்சேனையில் ஆசிரியர்களை உருவாக்கும் கலாசாலை நெடுங்காலமாக நிலவிய மண் இது. கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

இன்னுமொன்று. நமது கோட்டத்தின் அணியிலே தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒன்றாக நின்று கோல் மாற்றிய நாட்கள் உண்டு. இடையிலே வந்த கொடிய ஆண்டுகளில் அது அருகிற்று. கட்புலமற்ற முறையிலே கோலை வாங்குபவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மேலே கண்டோம். பின்னே வருபவன் கொண்டுவருவான் என்ற நம்பிக்கையிலேதான் அவன் கையை நீட்டுகின்றான். அந்த நம்பிக்கை ஒருநாளில் வராது. சேர்ந்து பழகிய நாட்களின் பலனாகவே வரும். அதனைப் பழக்குவதற்கு அஞ்சலோட்டத்தைப் போலொரு பள்ளிக்கூடம் வேறில்லை.

சென்ற ஆண்டு என் நண்பனுடைய மகள் தன் பாடசாலை அணியிலே நான்காவதாக ஓடினாள். அவளுக்கு அடையாளம் அளந்து கொடுக்க அவன் என்னை அழைத்தான். இருபத்திரண்டு அடி அளந்து சுண்ணாம்பால் கோடிட்டேன். மூன்றாவதாக ஓடியவள் நம் பக்கத்துப் பிள்ளை. கோல் கைக்கு வந்தது. மூன்றாமிடமே கிடைத்தது, ஆயினும் என் நண்பன் கோட்டின் ஓரத்திலே, தன் வலக்கையை அறியாமலே பின்புறமாக நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

கையை நீட்டி நிற்கும் பிள்ளைகள் நம் ஊர்களிலே இன்னும் பலர் உளர். கோலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நமது கடன்.